விசில் கேட்கும் வரை

அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வரலாற்றை எழுத ஒரு தபால் அட்டை போதும். ஐம்பது ஆண்டுகளில் அதன் கால்பந்து அணி வாங்கியது ஒரே ஒரு கோப்பை. அதுவும் எதிரணி ஏறி வந்த பேருந்து நடுவழியில் நின்றுவிட்டதால் கிடைத்தது. கைப்பந்து அணி ஒருமுறை அரையிறுதி வரை போயிருக்கிறது. போட்டிக்கு வந்திருந்தவையே நான்கு அணிகள்தான் என்பதை யாரும் வெளியே சொல்வதில்லை. நீச்சல் அணியும் இருந்தது. நீச்சல் குளம் இல்லை.

ஆனால் துணைவேந்தர் முந்நூறு பக்கம் கேட்டார். பொன்விழா வருகிறது, ‘வெற்றிப் பாதையில் ஐம்பது ஆண்டுகள்’ என்று கெட்டி அட்டை போட்ட புத்தகம் வந்தே ஆக வேண்டும் என்றார். எழுதும் வேலை துணைப் பதிவாளர் தலையில் விழுந்தது.

துணைப் பதிவாளரை நேரில் ‘விசில் சார்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வெறும் விசில். மாணவராக இருந்தபோது இதே பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்குப் பதிவேடு எழுதியவர் அவர். பந்தைக் காலால் தொட்டதில்லை. கழுத்தில் விசில் மட்டும் தொங்கும். படிப்பு முடிந்ததும் இங்கேயே எழுத்தராகச் சேர்ந்து, கோப்போடு கோப்பாக நகர்ந்து, ஐம்பத்து மூன்று வயதில் இரண்டாவது மாடி அறைக்கு வந்திருந்தார். கழுத்தை விட்டு விசில் போய்விட்டது, பெயரை விட்டுப் போகவில்லை.

முப்பத்தொரு வருடமாக அவர் மைதானத்தின் பக்கமே போனதில்லை. அதை யாரும் கவனித்ததில்லை. பழைய பதிவேடுகள் எல்லாம் மைதானத்து ஓரக் கட்டடத்தில் கிடந்தன. ஒரு திங்கட்கிழமை பிற்பகல், வேறு வழியில்லாமல் போனார்.

வெயில் மங்கலாக இருந்தது. ஓட்டத்தடத்தில் ஓர் அம்மாள் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மைதானப் பணியாளர். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் இருக்கும். எல்லோருக்கும் அவள் கோட்டு அக்கா.

“சாவி உங்ககிட்ட இருக்குன்னாங்க” என்றார் விசில்.

“இருக்கு சார். முப்பது வருஷமா இருக்கு. நீங்கதான் வரல.”

நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு அரைச் சிரிப்பு சிரித்தார். “தினமுமா கோடு போடுவீங்க?”

“உள்தடம் மட்டும் தினமும். மத்ததெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவை.”

“அது மட்டும் ஏன்?”

“அழிஞ்சிடுது.”

“யாரு ஓடறாங்க? நம்ம பசங்களா? அவங்க பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டாங்களே.”

“பசங்க இல்ல சார்” என்று சொல்லிவிட்டு, அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் கோடு நூல் பிடித்தது போல நீண்டது.

அறைக் கதவு ஒரே தள்ளில் திறந்துகொண்டது. முப்பது வருடம் பூட்டிக் கிடந்த அறையில் என்ன வாசனை அடிக்க வேண்டுமோ அது அடிக்கவில்லை. தூசி இல்லை, எலி இல்லை. வலித் தைலத்தின் நெடி. அதற்கு அடியில், நனைந்த கான்வாஸ் ஷூவின் வாடை. இப்போதுதான் யாரோ கழற்றி வைத்த மாதிரி.

சுவர் முழுக்க அணிப் படங்கள். தோற்றுப்போனவர்கள் மார்பை இவ்வளவு நிமிர்த்தி நிற்பதை வேறெங்கும் பார்க்க முடியாது. அவருடைய ஆண்டின் படத்தை அவர் தேடவில்லை. அதுவே கண்ணில் பட்டது. பத்துப் பேர் சீருடையில். நடுவில் கைகட்டி அமர்ந்திருக்கும் கேப்டன், இன்றைய துணைவேந்தர். ஓரத்தில், வேடிக்கை பார்க்க வந்தவன் போலக் கழுத்தில் விசிலோடு அவரே.

கால்பந்து அணிக்குப் பதினொரு பேர் வேண்டும். பதினோராவது ஆள் கோல்கீப்பர். அவனை எல்லோரும் கதவு என்பார்கள். எப்போதும் திறந்தே இருக்கிற கதவு என்று கேப்டன் வைத்த பெயர். படம் எடுத்தபோது கதவு ஓடிக்கொண்டிருந்தான்.

அதற்கு ‘ஒழுக்க ஓட்டம்’ என்று பெயர். அதையும் கேப்டன்தான் வைத்தார். தோற்றால் கேப்டன் ஒருவனைக் கைகாட்டுவார். வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் நான்கு சுற்று. ஓடுகிறவன் எண்ணக் கூடாது. எண்ணுவது பதிவேடு எழுதும் ஸ்கோரர் வேலை. பச்சை பெஞ்சில் உட்கார்ந்து, சுற்றுக்கு ஒரு கோடாகப் பதிவேட்டில் பென்சிலால் போட வேண்டும். கணக்கு முடிந்ததும் விசில் ஊத வேண்டும். விசிலுக்கு முன்னால் ஓடுகிறவன் நின்றுவிட்டால், மறுபடி முதலிலிருந்து. எதிரணியை ஜெயிக்க வழி தெரியாதவர்கள் சொந்த ஆளை ஜெயிக்க இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதி வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு ஏழு கோல். இருபத்தெட்டுச் சுற்று.

பத்தொன்பதாவது சுற்றில் புகைப்படக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். கட்டடத்துப் படியிலிருந்து கேப்டன் கையசைத்தார். “டேய் விசில், வாடா. நீ இல்லாம டீமா?”

அதுவரை யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அதற்குப் பிறகும் சொன்னதில்லை. அவர் எழுந்தார். பெஞ்சைக் கடந்துகொண்டிருந்த கதவு திரும்பிப் பார்த்தான். முகம் சிவந்து, வாய் பிளந்து, நிற்கலாமா என்று கண்ணால் கேட்டான்.

“போட்டோ எடுக்கக் கூப்பிடறாங்கடா. இதோ வந்துடறேன்.”

படம் எடுத்த பிறகு குளிர்பானம் கொடுத்தார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மழையில் எவன் ஓடுவான், நின்றிருப்பான் என்று அவர் நினைத்தார். புத்தியுள்ளவன் எவனும் நின்றிருப்பான். ஆனால் கதவு விதிமுறைக்காரன்.

மறுநாள் காலையில் உள்தடத்தில் முகம் குப்புறக் கிடந்தான்.

போலீஸ் வருவதற்கு முன்னால் கேப்டன் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விசிலின் பக்கத்தில் நின்றார். பத்தொன்பது கோட்டுக்குப் பிறகு இன்னும் ஒன்பது கோடு விழுந்தது. அதன்கீழே, மையால், அழகான கையெழுத்தில் ஒரு வரி: ‘28 சுற்று நிறைவு. விசில் ஊதப்பட்டது, மாலை 5.40.’ ஆக, அதற்குப் பிறகு அவன் ஓடியது அவன் பாடு.

விசில் அந்தப் பதிவேட்டை இப்போது அலமாரியிலிருந்து எடுத்தார். பக்கத்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. தானாகவே அங்கே திறந்துகொண்டது. வரி அப்படியே இருந்தது.

அதற்குக் கீழே வெற்றிடம் இருந்திருக்க வேண்டும்.

இல்லை.

பென்சில் கோடுகள். நான்கு நின்ற கோடு, குறுக்கே ஒன்று. நான்கு நின்ற கோடு, குறுக்கே ஒன்று. பக்கம் முழுக்க. அடுத்த பக்கமும். அதற்கடுத்ததும். வரவரப் பொடியாக, நெருக்கமாக, விளிம்பில் ஏறி, தையலில் நுழைந்து, பதிவேடு முடிந்து பின்னட்டையின் உட்புறம் வரைக்கும். கடைசிக் கட்டு முடியாமல் நின்றிருந்தது. மூன்று கோடுகள்.

வெளியே ஒரு சத்தம் கேட்டது.

சரக். சரக். சரக்.

மண்ணில் கால் விழுகிற சத்தம். ஒரே சீராக, சோர்ந்து, ஆனால் நிற்காமல். சன்னலுக்கு வெளியே அந்தச் சத்தம் வந்தது, கடந்தது, போனது. சன்னலில் ஒரு தலையும் தெரியவில்லை.

அட்டையைப் பார்த்தார்.

நான்கு கோடுகள்.

கட்டைவிரல் நகத்தின் மேல் துளி பென்சில் தூள் உதிர்ந்திருந்தது. சுவர்க் கடிகாரம் எப்போதோ நின்றுபோனது. அவருடைய கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மணி ஐந்து நாற்பது.

மறுநாள் காலை பதிவேட்டைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு துணைவேந்தர் அறைக்குப் போனார். அந்த அறையில் பேனாக்கள் நான்கு இருந்தன, கையெழுத்துக்கு ஒன்றும் பார்வைக்கு மூன்றும். துணைவேந்தரின் படங்கள் ஆறு. துணைவேந்தர் எதையும் ‘டீம்’ என்றுதான் சொல்வார். பாடத்திட்டக் குழு ஒரு டீம், கழிவறை பராமரிப்பு ஒரு டீம். தனியாக இருக்கும்போது தன்னைக் கேப்டன் என்று கூப்பிடச் சொல்வார்.

“கேப்டன், அந்த வருஷத்தைப் பத்தி என்ன எழுதறது?”

“எந்த வருஷம்?”

“கதவு.”

துணைவேந்தர் நாற்காலியில் நிமிர்ந்தார். எப்போதோ தயாரித்து வைத்திருந்தது போல வாக்கியம் வந்தது. “எழுதிக்கோ. இருதயக் கோளாறை மறைத்து, விளையாட்டின் மீதான அளவற்ற ஆர்வத்தால் தானாக ஓடி, இன்னுயிர் நீத்தார். எப்படி? உருக்கமா இல்ல?”

“அவன் தானா ஓடலையே கேப்டன்.”

“பதிவேட்டுல யாரு கையெழுத்து இருக்கு?”

விசில் கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டார்.

“உன்னோடது. நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான். பக்கத்துல நிக்கறது குத்தமா?” துணைவேந்தர் குரலில் தேன் வழிந்தது. “பாரு, பதிவாளர் அடுத்த மாசம் போறார். அந்த நாற்காலிக்கு உன் பேரைத்தான் வச்சிருக்கேன். இன்னொண்ணு. பொன்விழா அன்னிக்கு ஒழுக்க ஓட்டத்தை நாம மீட்டெடுக்கறோம். நம்ம பாரம்பரியம் அது. நானே ஓடறேன், ஒரே ஒரு ரவுண்டு. நீ அதே பச்சை பெஞ்சுல அதே பதிவேட்டோட உட்காரு. அதே விசில். ரவுண்டு முடிஞ்சதும் ஊது. கைத்தட்டு பிச்சுக்கும்.”

பாரம்பரியம் என்ற சொல்லை அவர் உச்சரித்தபோது மேசைக் கண்ணாடிகூடச் சற்று நிமிர்ந்து நின்றதுபோல இருந்தது.

பிற்பகலில் விசில் மறுபடி மைதானத்துக்குப் போனார். கோட்டு அக்கா பச்சை பெஞ்சில் உட்கார்ந்து சுண்ணாம்பைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து யாரோ ஓடினாங்கம்மா.”

“என் தம்பி” என்றாள், சல்லடையை நிறுத்தாமல். “கதவுன்னு கூப்பிடுவீங்களே, அவன். அவன் செத்த மறுவருஷம்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். எங்கடா விழுந்து கிடந்தான்னு பார்க்கத்தான் வந்தேன். வந்த முதல் சாயங்காலமே கேட்டுச்சு.”

விசில் உள்தடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அன்னிக்குக் காலையில அவன் ஷூவுக்கு அடிப்பாகமே இல்ல சார். பாதத்துக்கும்…” அவள் முடிக்கவில்லை. சல்லடையைத் தட்டினாள். “ஆரம்பத்துல நானும் கடையில ஒரு விசில் வாங்கிட்டு வந்து ஊதிப் பார்த்தேன். நிக்கல. சின்ன வயசிலேயே அவன் அப்படித்தான். சொன்னா சொன்னபடி. ஸ்கோரர் ஊதினாத்தான் நிப்பான்.”

“நான் ஊதினா நின்னுடுவானா?”

“நிப்பான். ஆனா நீங்கதான் ஏற்கெனவே ஊதிட்டதா எழுதி வச்சிருக்கீங்களே. ஊதின விசிலை எப்படி சார் மறுபடி ஊதுவீங்க? அந்த வரியை முதல்ல அடிக்கணும். அடிச்சுட்டு, நடந்ததை எழுதணும். ஒரு நிமிஷ வேலை.”

“நீங்க… அதைத்தானே விரும்பறீங்க?”

அவள் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“பத்து வருஷம் முன்னாடின்னா உங்க காலைப் பிடிச்சிருப்பேன். இப்ப உங்க இஷ்டம். அவனுக்கு அவசரமில்ல.”

பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப் போனார். சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, பேனாவைத் திறந்தார். மூடினார். திறந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டே வந்தாள். “என்னங்க, மழையில நனைஞ்ச ஷூவை எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா? வீடே நாறுது.”

“இல்லையே.”

“எதிர் ஃபிளாட்ல யாரோ உடம்பைக் குறைக்கிறாங்க போல. மொட்டைமாடியைச் சுத்திச் சுத்தி ஓட்டம். நேத்தும் இதே நேரம்தான்.” அவள் கூரையைப் பார்த்தாள். “அட, எதிர் ஃபிளாட் காலியால்ல கிடக்கு?”

விசிலும் கூரையைப் பார்த்தார்.

“சரி விடுங்க. பதிவாளர் சமாச்சாரம் என்னாச்சு? என் அக்கா புருஷன் போன வாரம்கூடக் கேட்டார், இன்னும் துணைதானான்னு. கேட்டுட்டு ஒரு சிரிப்பு வேற. அந்தச் சிரிப்பை ஒரு தடவை நிறுத்திக் காட்டுங்களேன்.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அன்றே, துணைவேந்தர் சொன்ன வாக்கியத்தை ஒரு எழுத்து பிசகாமல் தட்டச்சு செய்தார். மேலே கூரையில் கால்கள் போய்க்கொண்டிருந்தன. புத்தகத்தில் அது நூற்றுப் பத்தொன்பதாம் பக்கம்.

பொன்விழா அன்று மாலை நல்ல கூட்டம். வராதவர்களுக்கு வருகைப் பதிவு கிடையாது என்று சுற்றறிக்கை போயிருந்ததால் மாணவர்களின் உற்சாகம் கரைபுரண்டது. மேலிடத்துச் செயலர் சிறப்பு விருந்தினர். புத்தகத்தை வெளியிட்டு, அதைத் திறக்காமலே பாராட்டினார். பிறகு எல்லோரும் மைதானத்துக்கு வந்தார்கள்.

துணைவேந்தர் வெள்ளை டிராக் சூட்டில் இருந்தார். நெஞ்சில் பல்கலைக்கழக முத்திரை, வயிற்றில் பல்கலைக்கழக வளர்ச்சி. விசில் பச்சை பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் பதிவேடு, கையில் பென்சில், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் அதே எஃகு விசில். பக்கத்து நாற்காலியில் செயலர். தூரத்தில், தடத்தின் ஓரமாக, சுண்ணாம்பு வண்டிமேல் கைவைத்தபடி கோட்டு அக்கா.

துணைவேந்தர் உள்தடத்தில் ஓடத் தொடங்கினார். ஓடிக்கொண்டே கையசைத்தார். கூட்டம் கைதட்டியது.

மறுபக்கத்து வளைவில் அந்தக் கை கீழே விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். மறுபடி திரும்பிப் பார்த்தார். வேகம் கூடியது.

சுற்று முடிந்து பெஞ்சை நெருங்கினார். மணி ஐந்து நாற்பது. விசில் தன் கழுத்து விசிலை ஊதினார்.

சத்தம் வரவில்லை.

ஈரக் காற்று மட்டும் வந்தது. வாயில் மண் சுவை. கான்வாஸ் ஷூவின் வாடை.

துணைவேந்தர் நிற்காமல் கடந்தார். அவருக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், இன்னொரு ஜோடிக் கால்களின் சத்தம் கடந்தது. சரக், சரக்.

“நமது துணைவேந்தரின் உடல்வலிமையைப் பாருங்கள்” என்றது ஒலிபெருக்கி. கைத்தட்டு பிய்த்துக்கொண்டது.

இரண்டாவது சுற்று. மூன்று. ஐந்து. விசில் கன்னம் வலிக்க ஊதினார். கண்ணீர் வரும்வரை ஊதினார். ஒவ்வொரு முறை பெஞ்சைக் கடக்கும்போதும் துணைவேந்தரின் கண் அவரைப் பிடித்தது. எட்டாவது சுற்றில் துணைவேந்தரின் உதடு அசைந்தது. “ஊதுடா.”

பத்தாவது சுற்றில் செயலர் கடிகாரம் பார்த்தார். பதினைந்தில் கைத்தட்டு சலித்தது. துணைவேந்தரை நிறுத்தலாமா என்று பதிவாளர் மெதுவாகக் கேட்டார். துணைவேந்தரை நிறுத்த யாருக்கு அதிகாரம் என்று புலத்தலைவர் திருப்பிக் கேட்டார். மருத்துவர் ஒருவர் இருந்தார். எழுத்துமூலம் அழைக்காமல் அவர் எழுந்து பழக்கமில்லை. பதவி உயர்வுக்குக் காத்திருந்த ஒரு பேராசிரியர் மட்டும் துணைவேந்தரோடு சேர்ந்து பத்தடி ஓடி, புகைப்படத்தில் விழுந்தபின் ஒதுங்கிக்கொண்டார்.

நிறுத்தக்கூடியவர் ஒருவர்தான். பதிவேடு மடியில் திறந்திருந்தது. ‘விசில் ஊதப்பட்டது’ என்ற வரி கண்ணுக்கு நேராக இருந்தது. பேனா பையில் இருந்தது. ஒரே கோடு. அடித்துவிட்டு, நான் ஊதவில்லை என்று எழுத வேண்டும்.

செயலர் எட்டிப் பார்த்தார். “பாரம்பரியப் பதிவேடா? அருமையா பாதுகாத்திருக்கீங்களே.”

“ஆமாங்க” என்றார் விசில்.

அடுத்த சுற்றில் அடித்துவிடலாம் என்று நினைத்தார். இருபது. அதற்கடுத்த சுற்றில். இருபத்து மூன்று. செயலர் தொலைபேசியில் பேச எழுந்து போகட்டும், அப்போது அடித்துவிடலாம். வலக்கை பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தது. அதை அவர் சொல்லிச் செய்யவில்லை.

இருபத்தெட்டாவது கோடு விழுந்தது.

துணைவேந்தர் உள்தடத்தில் முகம் குப்புற விழுந்தார். கூட்டம் எழுந்து ஓடியது. அந்தக் கூச்சலுக்குள் விசிலுக்கு மட்டும் அது கேட்டது. பின்னால் வந்த கால்கள் விழுந்தவரைத் தாண்டி, நிற்காமல், வளைவை நோக்கிப் போயின.

இரங்கல் குறிப்பு எழுதச் சொன்னார்கள். விசிலுக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. வாக்கியம் கையில் தயாராக இருந்தது. ‘இருதயக் கோளாறை மறைத்து, விளையாட்டின் மீதான அளவற்ற ஆர்வத்தால் தானாக ஓடி…’

அடுத்த மாதம் பதிவாளர் ஆனார். மூன்றாவது மாடியில் அறை. மனைவியின் அக்கா புருஷன் சிரிப்பதை நிறுத்திவிட்டார். எல்லாம் நினைத்தபடி நடந்தது. மாலை ஐந்து நாற்பதுக்கு மட்டும் அறைக்கு வெளியே நடைகூடத்தில் கால்கள் போயின. இப்போது இரண்டு ஜோடி. ஒன்று லேசாக, சீராக. மற்றது இழுத்துக்கொண்டு, தடுமாறி.

ஒருநாள் மனைவி அவருடைய ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். “என்னங்க, போன வாரம் வாங்கினது. நாள் முழுக்க நாற்காலியிலதானே உட்கார்ந்திருக்கீங்க? அடியில ஓட்டை விழுந்திருக்கு.”

மறுநாள் மாலை விசில் பேனாவை எடுத்துக்கொண்டு, அந்த எஃகு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு இறங்கினார். விழாவன்றே பெஞ்சில் விட்டு வந்த பதிவேடு கோட்டு அக்காவிடம்தான் இருக்கும் என்று தெரியும். அன்று அவளுக்குக் கடைசி நாள். கட்டடத்துப் படியில் பிரிவுபசாரப் படத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பச்சை பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் பதிவேடு.

“கொடுங்கம்மா. அடிச்சிடறேன். இப்பவே எழுதிடறேன்.” கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். “எழுதிட்டு ஊதிடறேன். எல்லாம் முடிஞ்சிடும்.”

“எழுதுங்க சார்” என்று நீட்டினாள்.

திறந்தார். அந்தப் பக்கத்தைத் தேடினார். எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருந்தன. கோட்டின் மேல் கோடு, அதன் மேல் கோடு. காகிதம் கறுத்துப் பென்சில் கரியால் பளபளத்தது. அவர் எழுதிய வரி எங்கே என்றே தெரியவில்லை. அடிக்க வரியில்லை. எழுத இடமில்லை.

“எங்கம்மா அந்த வரி?”

“நீங்க லேட் சார்.”

வளைவில் சத்தம் கேட்டது. இரண்டு ஜோடிக் கால்கள். நெருங்கின. பெஞ்சுக்கு எதிரே வந்தன.

நின்றன.

முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக நின்றன.

அவருக்காகத்தான் நின்றன.

அவருடைய வலது கால் தானாக உயர்ந்தது. பிறகு இடது. பதிவேடு கையிலிருந்து விழுந்தது. தடத்தில் இறங்கியிருந்தார், ஓடிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் வலித் தைல நெடி, மறுபக்கம் இழுத்துவிடும் மூச்சு.

முதல் சுற்று முடிந்து பெஞ்சைக் கடக்கும்போது பார்த்தார். கோட்டு அக்கா பதிவேட்டை மடியில் வைத்திருந்தாள். விசிலை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

“அம்மா… எத்தனை ரவுண்டு?”

“ஓடறவங்க எண்ணக் கூடாது சார்.”

எத்தனையோ சுற்று போனது. படியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “அக்கா, வாங்க. வெளிச்சம் போகுது. நீங்க இல்லாம போட்டோவா?”

அவள் எழுந்தாள். புடவையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டினாள். விசில் அப்போது பெஞ்சை நெருங்கிக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, வாய் பிளந்து, அவளைக் கண்ணால் கெஞ்சினார்.

“ஊதிட்டுப் போங்கம்மா.”

“போட்டோ எடுக்கக் கூப்பிடறாங்க” என்றாள் அவள். “இதோ வந்துடறேன்.”

பதிவாளரின் இரங்கல் குறிப்பைப் புதிய துணைப் பதிவாளர் எழுதினார். வேலைக்குப் புதியவர், சுறுசுறுப்பானவர்; பழைய கோப்பில் மாதிரி இருந்ததால் பெயரை மட்டும் மாற்றினார். ‘அளவற்ற ஆர்வத்தால் தானாக ஓடி’ என்ற இடம் உருக்கமாக இருப்பதாக எல்லோரும் பாராட்டினார்கள்.

சில வாரங்கள் கழித்து, மைதானத்துக்குப் புதிதாக வந்த பணியாளர் அவர் அறைக்கு வந்து நின்றார். கூடுதல் சுண்ணாம்பு வேண்டும் என்று விண்ணப்பம்.

“போன வாரம்தானே கொடுத்தோம்?”

“பத்தல சார். உள்பக்கம் மூணு தடமும் தினம் அழிஞ்சிடுது.”

“மூணுமா? யாருய்யா அப்படி ஓடறாங்க?”

“ஆளை நான் பார்த்ததில்ல சார்.” பணியாளர் தலையைச் சொறிந்தார். “இன்னிக்குக் காலையில பார்த்தா நாலாவது தடமும் லேசா அழிய ஆரம்பிச்சிருக்கு.”

துணைப் பதிவாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மேசைக்கு அடியில் அவருடைய கால் ஒன்று தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து நாற்பது.